மாமியாரும் மருமகளும் மில்லுக்கு வாழ்க்கைப்பட்ட கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஐந்தாவது வரை. அந்த ஐந்தாவதிலும் பாதி நாள் ஆடு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். இப்போது கண்ணும் மங்கல், நினைப்பும் மங்கல். நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நாலு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை நான் செய்த காரியம் மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது. நான் மறந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் விடுவதில்லை.

நான் கூச்சக்காரி. பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் காதில் ஊர்ப்பெயரைச் சொல்லி அவரை விட்டுத்தான் டிக்கெட் கேட்பேன். (ஒரு தடவை பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டு ஊர் தள்ளிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.) இப்படிப்பட்ட கூச்சக்காரிகளிடம் ஓர் ஆபத்து உண்டு. லேசில் வாயைத் திறக்கமாட்டோம். திறந்துவிட்டால் எங்கே மூடுவது என்று தெரியாது.

எங்கள் ஊர் மலைமேல், ஜமுனாமரத்தூரில் இருந்து ஆலங்காயம் போகிற ரோட்டில் இருக்கிறது. என் பேர் காசியம்மா. மகன் ஏழுமலை லோடு வண்டி ஓட்டுகிறான். மருமகள் வெண்ணிலா கணியம்பாடிப் பக்கத்துப் பெண். பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அம்மா, "டைலரிங் படிச்சிக்கீது" என்று சொன்னார்கள். ரவிக்கை தைக்கிற செலவு மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணம் ஆகி இரண்டாவது வாரம், காலையில் சமையலறைக்குள் போகிறேன், என் மிக்சி பாகம் பாகமாகப் பேப்பரில் கிடக்கிறது. நடுவில் வெண்ணிலா, கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"இன்னாமே இது?" என்று அலறினேன்.

"உளுந்து அரைக்கும்போது சத்தம் சரியில்ல அத்தே. உள்ள புஷ்ஷு தேஞ்சிக்கீது."

அப்புறம்தான் தெரிந்தது, அவள் படித்தது டைலரிங் இல்லை, வேலூரில் ஐடிஐ. ஃபிட்டர். சான்றிதழைப் பட்டுப்புடவைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஸ்பேனர் பிடிக்கிற பெண் என்றால் வரன் அமையாது என்று பெற்றவர்கள் மறைத்துவிட்டார்களாம். எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த மோட்டாரும் ஆலங்காயத்துக்கு ரிப்பேருக்குப் போகவில்லை. ரவிக்கைக்கு மட்டும் இன்றுவரை செலவுதான்.

ஆனால் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கீழே எத்தனையோ கம்பெனிக்குப் போய் வந்தாள். எல்லாரும் சான்றிதழை வாங்கிப் பார்ப்பார்கள், அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போதுதான் ஜமுனாமரத்தூருக்கு வெளியே இருக்கிற சாமை மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு தகரப் பலகை. அதில் நீலப் பெயிண்டில், "மெஷின் ஆபரேட்டர் (ஆண்) தேவை" என்று இருந்தது. அதற்குக் கீழே, "சுத்தம் செய்ய, பேக்கிங் (பெண்) தேவை." பலகை வைத்து ஆறு மாதத்துக்கு மேலே ஆகிவிட்டது. ஆபரேட்டர் வேலைக்குக் கீழ்நாட்டில் இருந்து இரண்டு மூன்று ஆம்பிளைகள் வந்தார்கள். செல்போனில் சிக்னல் இல்லை என்று ஒருவர் போனார். மலைக் குளிர் ஆகவில்லை என்று இன்னொருவர், மாட்டியிருந்த குரங்குக் குல்லாயைக்கூட ஆணியிலேயே விட்டுவிட்டு, சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

"அத்தே, நான் அந்த ஆபரேட்டர் வேலையக் கேக்கப் போறேன்" என்றாள் வெண்ணிலா.

"அடைப்புக்குள்ள ஆண்னு போட்டுக்கீதே?"

"போட்டா போட்டுட்டு போவட்டும். அந்த மெஷினு படிச்சிக்கீதா இன்னா, யாரு ஓட்டறாங்கன்னு பாக்க?"

தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். "நீ வெளிய பெஞ்சில உக்காந்துக்க, உள்ள வராத" என்று பஸ்ஸிலேயே இரண்டு தடவை சொன்னாள். சரி சரி என்றேன். மடியில் இருந்த கட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. சாப்பாடு என்று நினைத்திருப்பாள்.

பையில் ஒரு தாம்பாளம் இருந்தது. வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், ஆறு வாழைப்பழம், கொஞ்சம் பூ. சிரிக்காதீர்கள். என் ஆயுளில் ஒரு குடும்பம் இன்னொரு இடத்துக்குப் போய், எங்கள் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேசி நான் பார்த்தது கல்யாணப் பேச்சு மட்டும்தான். அதற்கு வெறுங்கையோடு யாராவது போவார்களா?

கேட்டில் இருந்த வாட்ச்மேன் சின்னத்தம்பி எங்கள் ஊர்க்காரர்தான். பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னா காசியம்மாக்கா, தட்டு எல்லாம் பலமா கீது? யார் வூட்டு விசேஷம்?"

"உன் வூட்டு விசேஷம். கம்முனு கேட்டத் தொற."

மேனேஜர் சின்ன வயசு. கண்ணாடி போட்ட பிள்ளை. கீழே டவுனில் இருந்து வந்தவர். குணம் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வெண்ணிலா உள்ளே போனாள். நான் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் கேட்டது எல்லாம் என் காதில் விழுந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சுங்க சார். மூணு வருஷம்."

"குழந்தை?"

"ஒண்ணு."

"அடுத்தது எப்போ?"

வெண்ணிலா சான்றிதழை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. வேலை பழக்கி விட்டப்புறம் நின்னுட்டீங்கன்னா எங்களுக்குக் கஷ்டம். அதுக்குத்தான். வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா? வீட்ல சமையல் யாரு? மாமியார் எப்படி?"

நட்டு, போல்ட்டு என்று ஒரு வார்த்தை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. பிள்ளை எப்போது, சமையல் யார், மாமியார் எப்படி! வெண்ணிலாவைப் பெண் பார்க்கப் போனபோது நான் கேட்ட கேள்விகள்கூட இதைவிடக் குறைச்சல். என் தாம்பாளத்தை நினைத்துக்கொண்டேன். கிழவிக்கு மூளை இல்லாமல் இல்லை, சரியாகத்தான் எடுத்து வந்திருக்கிறேன் என்று ஒரு தைரியம் வந்தது. மாமியார் என்ற சொல் விழுந்ததும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

தட்டை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

இங்கேதான் என் வாய் திறந்தது.

"எங்க வெண்ணிலா தங்கமான பொண்ணுங்க. குனிஞ்ச தல நிமிராது. எதுத்து ஒரு வார்த்த பேசாது. வாசப்படி தாண்டி வெளிய போனது இல்ல. சத்தம் போட்டா பயந்துக்கும். கரண்டு சுவிட்சத் தொடக்கூட யாரையாவது கூப்பிடுமுங்க!"

(இதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. போன மாதம்தான் கம்பத்தில் ஃபியூஸ் போட வந்தவரிடம் அவள் சண்டை போட்டிருந்தாள், அவர் போட்ட விதம் தப்பு என்று.)

நல்ல பெண்ணைப் பற்றி நாலு பேர் எதிரில் என்னென்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியுமோ அதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். மேனேஜர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? அம்மாவே சொல்றாங்க. மெஷின் வேலை லேடீஸுக்கு ஒத்துவராதுங்க. ஆனா உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். புடைக்கிற வேலை இருக்கு. ஆபரேட்டர் போனதுல இருந்து கல்லு பிரிக்கிற மெஷின் சரியா ஓடல. போன லோடுல கல்லு இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. முறத்துல போட்டுக் கல்லு எடுக்க ஆள் வேணும்."

"சார், அந்த மெஷின நான் ஒரு தடவ பாக்கட்டுங்களா? சரிவு மாறிப்போயிருக்கும்" என்றாள் வெண்ணிலா.

"சுவிட்சு தொட பயம்னு இப்பத்தானேம்மா சொன்னாங்க!"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என் ஐந்தாவது வகுப்பு போதாது.

அதற்குள் பேக்கிங் பெண்கள் கதவோரம் கூடிவிட்டார்கள். எல்லாரும் படித்த பெண்கள். ஒருத்தி கணக்கில் பி.எஸ்சி.; அவள் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர்களில் யாருக்கும் புடைக்க வராது, அதனால்தான் வெளியே ஆள் தேடினார்கள். ஒருத்தி முறத்தில் சாமை அள்ளி வந்து வெண்ணிலா கையில் கொடுத்தாள்.

வெண்ணிலா வளர்ந்தது ரேஷன் அரிசி தின்கிற ஊரில். முறத்தைக் குப்பை அள்ளத்தான் பிடித்திருக்கிறாள். ஆனாலும் ரோஷக்காரி. எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் மெஷின் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு முறத்தை ஒரு தூக்குத் தூக்கினாள்.

சாமை கடுகைவிடப் பெரியது இல்லை. அது மேலே போய்ப் பரந்து இறங்கியது. மேனேஜர் தலையில் இறங்கியது, கண்ணாடிக்கு உள்பக்கம் இறங்கியது, டீயில் இறங்கியது, கம்ப்யூட்டர் பொத்தான்களுக்கு நடுவில் இறங்கியது. என் வெற்றிலைத் தட்டிலும் கொஞ்சம். அட்சதை போட்ட மாதிரி நின்றார் மனுஷன். முறத்தில் மிச்சம் இருந்தது கல் மட்டும்தான். (அந்த வகையில் பிரித்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.)

பேக்கிங் பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. குடும்ப மானம் போகிறதே என்று முறத்தைப் பிடுங்கினேன். வேறு சாமை அள்ளினேன். ஆம்பிளை எதிரில் புடைக்கக் கூச்சமாக இருந்ததால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். நாலு தட்டு, இரண்டு கொழிப்பு. உமி முன்னால் போனது, கல் ஒரு மூலையில் ஒதுங்கியது, சாமை நடுவில் நின்றது. திரும்பிப் பார்த்தால் மேனேஜர் என் பின்னாலேயே நிற்கிறார், முடியில் சாமையோடு.

"அம்மா, எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"எட்டாவது கேட்டிருக்கோமே. வயசு?"

"ஆதார்ல அறுவத்தி மூணு போட்டுக்கீது."

"அறுபதுக்கு மேல எடுக்கக்கூடாது" என்றார். முறத்து மூலையில் இருந்த கற்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன். வியாழக்கிழமை வந்துடுங்க."

மருமகளுக்கு வேலை கேட்கப் போனவள் எனக்கு வேலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டில் சின்னத்தம்பி, "இன்னாக்கா, பொண்ணு புடிச்சிக்கீதாமா?" என்றார்.

பஸ்ஸில் வெண்ணிலா வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் மிக்சியை எடுத்துப் பாகம் பாகமாகக் கழற்றினாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சி. கோபம் வந்தால் மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், இவள் கழற்றுவாள். ஏழுமலை வந்து, "சட்னி இல்லயா?" என்று கேட்டான். நான் பேப்பரில் கிடந்த மிக்சியைக் காட்டினேன். அவன் பேசாமல் தயிர் ஊற்றிக்கொண்டான்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னப் பத்தி சொன்னியே அத்தே, அதுல ஒரு வார்த்த நெசமா?"

"இல்லமே. நல்லது நடக்கட்டும்னுதான்…"

"இத்தினி எடம் போனேன். எல்லா எடத்துலயும் வெளி ஆளுங்கதான், பொம்பளைக்கு இது வராதுன்னு சொன்னாங்க. இன்னிக்கு அதச் சொல்றதுக்கு வூட்ல இருந்தே ஆள் கூட்டிட்டுப் போனேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திருகாணிகளை ஒரு டம்ளரில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமையும் மிக்சி அப்படியேதான் கிடந்தது. வியாழக்கிழமை காலையில் நான் தனியாகக் கிளம்பினேன். வேலைக்குப் போகிறேன் என்று நினைத்து அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் வருவதற்கு முன்னாலேயே, "ஜமுனாமரத்தூர் ஒண்ணு!" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

மேனேஜர் முறத்தோடு காத்திருந்தார். நான் வாங்கவில்லை.

"தம்பி, நான் வேலைக்கு வர்றேன். ஆனா நாங்க பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கற ஜனம்."

அவர் முழித்தார். பின்னாலேயே வந்திருந்த சின்னத்தம்பிதான் விளக்கினார். "மாத்துக் கட்டறது சார். எங்க பக்கம் உண்டு. உங்க வூட்டுக்கு நான் பொண்ணு குடுத்தா, எங்க வூட்டு பையனுக்கு நீங்க ஒரு பொண்ணு குடுக்கணும். ஒத்தையா குடுக்க மாட்டோம்."

"இங்க யாருக்குக் கல்யாணம்?" என்றார் மேனேஜர், பயந்துபோய்.

"முறத்துக்கு நான் வரணும்னா மெஷினுக்கு வெண்ணிலாவ எடுக்கணும்" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது பூரா பொய்யி. அது சுவிட்சத் தொட பயப்படாது, கம்பத்த ஏறச் சொன்னாலும் ஏறும். எங்க தெருவுல எல்லா மோட்டாரும் அதுதான் பாக்குது. எதுத்துப் பேசும். நல்லாவே பேசும். எனக்கு வேலைக்கு இன்னா பேசணும்னு தெரியலங்க. நீங்க கேட்டதப் பாத்து கல்யாணத்துக்குப் பேசறத பேசிட்டேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் இடுக்கில் இன்னும் ஒரு சாமை இருந்தது.

"பொம்பள ஆபரேட்டர் இந்தப் பக்கம் எங்கயுமே இல்லம்மா. ஓனர் என்ன சொல்வாரோ."

"ஆம்பள ஆபரேட்டர் எங்க கீறாருங்க?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடிக்கொண்டுதான் கேட்டேன். ஆணியில் குரங்குக் குல்லாய் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னத்தம்பி வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் குல்லாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வரச் சொல்லுங்க. ஒரு மாசம் பாக்கலாம்" என்றார்.

வெண்ணிலா வெள்ளிக்கிழமை போனாள். (அதற்கு முன் மிக்சியைப் பூட்டித் தந்தாள். சட்னி அரைத்தோம்.) நான் முறத்தோடு ஒரு மூலையில், அவள் மெஷினோடு ஒரு மூலையில். பேக்கிங் பெண்கள் எங்களை "பொண்ணு வூட்டுக்காரங்க" என்றே கூப்பிட்டார்கள். முதல் வாரம் அவள் ஒன்றும் பெரிதாகச் செய்த மாதிரி தெரியவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்து காது வைத்துக் கேட்டாள், கழற்றினாள், மாட்டினாள். இரண்டாவது வாரம் என் முறத்தில் கல் குறைந்தது. மூன்றாவது வாரம் புடைத்துப் புடைத்துப் பார்க்கிறேன், ஒரு கல் இல்லை. வெறும் சாமையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் வந்து தலையைச் சொறிந்தார். "அம்மா, உங்க மருமக மெஷின சரி பண்ணிட்டாங்க. இனிமே புடைக்க ஒண்ணும் இல்ல…"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போனதற்கு இல்லை. என் இடுப்பு அதற்கு முன்னாலேயே அழுதுகொண்டுதான் இருந்தது. மாற்றுக் கல்யாணத்தில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பக்கம் போன பெண்ணையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுதான் வழக்கம். எத்தனை குடும்பத்தில் பார்த்திருக்கிறேன்! அந்த வழக்கத்தை இந்த மில்லில் கொண்டுவந்து சொன்னதே நான்தான்.

"தம்பி, என்ன அனுப்புங்க, பரவால்ல. அதுக்காக அதையும் அனுப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்பிளை கையைப் பிடித்தது அப்புறம்தான் உறைத்தது.

"அவங்கள அனுப்பினா நான் மில்ல இழுத்து மூடிட்டு அந்தக் குல்லாவ மாட்டிக்கினு ஊருக்குப் போவ வேண்டிதான்" என்றார் மேனேஜர். எங்கள் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது நான் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். வெண்ணிலா மில்லுக்குப் போகிறாள். உறவுக்காரர்கள் வந்தால் ஏழுமலை தவறாமல் ஆரம்பித்துவிடுவான். "எங்கம்மா மில்லுக்கு வாழ்க்கைப்பட்டு, மூணே வாரத்துல பொறந்த வூட்டுக்கு வந்துட்டாங்க. வாழ விடாம தொரத்தினது யாரு தெரியுமா? மருமக!" வெண்ணிலாவும் சேர்ந்து சிரிப்பாள். பேத்திக்கு ஏழு வயசு கூட ஆகவில்லை, அவள்கூட "ஆயாவுக்கு மாப்ள யாரு?" என்று கேட்கிறாள். போன மாதம் மிக்சி நின்றுபோனபோது வெண்ணிலா என்னைப் பார்த்து, "அத்தே, யாரையாவது கூப்பிடு, எனக்கு சுவிட்சு தொட பயமாக் கீது" என்றாள். அதைச் சொல்லாமல் ஒரு வாரம் போகாது எங்கள் வீட்டில்.

இவ்வளவுதான் நடந்தது. விட்டுப்போனது எவ்வளவோ இருக்கும். தட்டில் ஆறு பழம் என்று எழுதியிருக்கிறேன், வெண்ணிலா ஐந்து என்கிறாள். அதை யாரும் விசாரிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அந்தத் தகரப் பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆபரேட்டருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருந்த "ஆண்" என்பதை அழித்துவிட்டார்கள் என்று வெண்ணிலா சொல்கிறாள். மேலே பூசிய பெயிண்ட் மழையில் கரைந்து திரும்பத் தெரிகிறது என்று ஏழுமலை சொல்கிறான். எனக்குக் கண் தெரியவில்லை. ஆலங்காயத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், ஜமுனாமரத்தூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். இன்னும் தெரிந்தால், நானே ஒரு டப்பா பெயிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன். தட்டு எடுத்துப் போகமாட்டேன்.